உள்பக்கச் சங்கிலி

மார்ச் 7, வியாழன்

வண்டியில் ஏறியவர்கள்: நான், இவர், மகன், மருமகள், பொடிசு. ஆக ஐந்து பேர். பெட்டி ஏழு. தண்ணீர் பாட்டில் நாலு, அதில் ஒன்று ஒழுகல்.

நாற்பத்தேழு வயதுக்காரியை இன்னும் பொடிசு என்று கூப்பிடுகிறோமே என்று மருமகள் வழியெல்லாம் சிரித்தாள். நான் கல்யாணமாகி வந்தபோது இவருடைய தங்கைக்குப் பதினாறு வயது. அப்போது ஒட்டிய பெயர். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் புகுந்த வீட்டில் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். ஆகவில்லை. எங்களோடேயே இருக்கிறாள். அவளும் சிரித்தாள்.

மகனுடைய அலுவலகத்தில் இந்த வருடம் நன்றாக வேலை பார்த்ததற்காகக் கடற்கரை ஓட்டலில் ஐந்து இரவு, குடும்பத்தோடு. ஊர் பெயரைக் கேட்டதும் பக்கத்து வீட்டு டீச்சர் வாயில் கை வைத்தாள். ராத்திரி முழுக்க ஆட்டமும் பாட்டும் குடியுமாக இருக்கும், அதற்கென்றே ஜனங்கள் போகிற ஊராம். "சாமி கும்பிடறவங்க அங்க போய் என்ன பண்ணுவீங்க?" என்றாள். கும்பிடுவேன், வேறென்ன பண்ணுவேன் என்றேன்.

மூன்று அறை. மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்று. இவருடைய குறட்டைக்கு ஒன்று. எனக்கும் பொடிசுக்கும் ஒன்று. இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளைத் தனியா விடாதே. ஊர் அப்படி" என்றார்.

வீட்டில் ஒன்பது மணிக்கு வாசல் தாழ்ப்பாள் போடுவது முப்பத்தோரு வருடமாக என் வேலை. இங்கே கதவுக்குச் சாவியே இல்லை. ஒரு அட்டையைக் காட்டினால் திறந்துகொள்கிறது. அட்டையை நம்பி எப்படிக் கண்ணை மூடுவது? நல்லவேளை, உள்பக்கம் ஒரு சங்கிலி இருந்தது. போட்டேன். தூக்கம் வந்தது.

மார்ச் 8, வெள்ளி

நாலரைக்கு எழுந்து கும்பிட்டேன். அறைக்கு வெளியே கம்பி போட்ட மாடத்தில் நின்றுதான் கும்பிட்டேன், அறை ஆறாவது மாடியில் இருக்கிறது. நான் என் நாளை ஆரம்பிக்கிற நேரத்தில் இந்த ஊர் தன் நாளை முடிக்கிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் நடந்து போனார்கள். ஒருவன் நடைபாதையில் உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடியவில்லை போல. ஆரம்பித்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தான்.

எனக்கு அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பரிதாபமும் வரவில்லை. வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். பிரார்த்தனையில் இரண்டு வரி விட்டுப்போய்த் திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

பகலில் பதினோரு மணி வரை கடைகள் பாதி ஷட்டரில் கிடக்கின்றன. தெருவைக் கழுவுகிறார்கள். பகலில் பார்த்தால் நடன விடுதி ஒவ்வொன்றும் பெயின்ட் உரிந்த கிடங்கு மாதிரி இருக்கிறது. வேஷம் கலைத்தவள் முகம் என்று பொடிசு சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எதுவுமே தெரியாதுன்னா நினைச்சீங்க அண்ணி?" என்றாள்.

ஓட்டலிலிருந்து தண்ணீர் வரை முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. திரும்பும்போது முந்நூற்று நாற்பது. மணல்.

மார்ச் 9, சனி

அறைகளுக்கு விரிப்பு மாற்ற ஒரு பெண் வந்தாள். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு. அதை மடிப்பது லேசில்லை. நான் எப்போதும் சுருட்டி அலமாரியில் திணித்துக் கதவைச் சாத்திவிடுவேன். அந்தப் பெண்ணும் அதையேதான் செய்தாள். பொடிசு பொறுத்துக்கொள்ளவில்லை. விரிப்பை வாங்கி, இரண்டு மூலைக்குள் கையை விட்டு, ஒன்றை மற்றதன் மேல் தொப்பி மாதிரிக் கவிழ்த்தாள். மற்ற இரண்டையும் அப்படியே. ஒரு உதறு, மூன்று மடிப்பு. புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

அரைமணி நேரத்தில் அந்தப் பெண் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்ட உயரமான அம்மாள். கீழ்த்தளத்துச் சலவைக்கூடம் முழுக்க அவள் பொறுப்பாம். திரும்பச் செய்து காட்டச் சொன்னாள். பொடிசு காட்டினாள். "எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். "வீட்லதான்" என்றாள் பொடிசு. "எத்தனை வருஷம்?" என்று அந்த அம்மாள் விடவில்லை. பொடிசு என்னைப் பார்த்தாள். நான் முப்பது என்றேன். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. என்னவோ நானே மடித்த மாதிரி.

மார்ச் 10, ஞாயிறு

கடற்கரையில் மேளம் மாதிரி ஒரு பாட்டு. கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் தானாக ஆடியது. எழுதி வைத்துவிட்டால் தப்பு பாதியாகக் குறையுமா?

மார்ச் 11, திங்கள், காலை ஆறு மணி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புத்தி நிற்கும்.

நாலு பத்துக்கு விழித்தேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், பொடிசின் கட்டில் காலி. குளியலறையில் இல்லை, நான் அங்கிருந்துதான் வருகிறேன். கதவைப் பார்த்தேன். உள்பக்கச் சங்கிலி போட்டபடி இருக்கிறது.

உள்ளே சங்கிலி. ஆள் இல்லை. அப்படியானால் எங்கே?

மாடம்.

ஐயோ, அந்தப் பத்தடியை நான் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. மாடத்துக் கதவு திறந்துதான் இருந்தது. ஆறு மாடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கடவுளே, பார்க்க மாட்டேன், நீ பார்த்துச் சொல்லு என்றேன். அப்புறம் பார்த்தேன். கீழே ஒருவன் கடற்கரை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வேறொன்றும் இல்லை. நாற்காலி மேல் நாற்காலி, அவன்பாட்டுக்கு அடுக்கினான்.

அப்போதுதான் நினைவு வந்தது. ராத்திரி பதினோரு மணி வாக்கில் எழுந்தேன். சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. போட மறந்துவிட்டேனா, வயசாகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு மாட்டினேன். மறக்கவில்லை. நான் ஒன்பதேகாலுக்கே மாட்டியிருந்தேன். அவள் கழற்றிவிட்டு வெளியே போயிருக்கிறாள். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று நான் விளக்கைப் போடவில்லை. கட்டிலை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும்.

பெட்டியை எண்ணினேன், பாட்டிலை எண்ணினேன், மணலில் காலடியை எண்ணினேன். ஆளை எண்ணவில்லை.

இவரை எழுப்பவில்லை. ஏன் எழுப்பவில்லை? எழுப்பினால் விஷயம் அவருடையதாகிவிடும். கீழே ஓடினேன். முகப்பில் உட்கார்ந்திருந்த காவலாளி நான் கேட்பதற்கு முன்பே, "உங்க வீட்டம்மாவா? கீழ்த்தளத்துல இருக்காங்க" என்றார்.

சலவைக்கூடத்தில் கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு இயந்திரங்கள் ஏழு சுழல்கின்றன. நீள மேசையைச் சுற்றி நாலு பெண்கள், ஐந்தாவது பொடிசு. மலைமலையாக வெள்ளைத் துணி. ரேடியோ பாடுகிறது. ஒருத்தி ஏதோ சொன்னாள், பொடிசு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். முப்பத்தோரு வருடத்தில் நான் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். ஒன்று இல்லை. அது எப்போது விழுந்தது? யார் அவளைப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போனது?

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கையில் இருந்த துணியை மட்டும் மடித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

பாட்டுக் கேட்கக் கரைக்குப் போனாளாம். கொஞ்சம் ஆடினாளாம். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி அட்டையைக் காட்டினால், கதவு இரண்டு விரல் திறந்து சங்கிலியில் நின்றதாம்.

"கூப்பிட்டிருக்கலாமேடி. தட்டியிருக்கலாமே."

"வாயெடுத்தேன் அண்ணி. நீங்க மூச்சு விடறது கேட்டுச்சு. அப்புறம் தோணிச்சு, உள்ள போய் என்ன பண்ணப் போறோம், படுக்கத்தானேன்னு. கீழ விளக்கு எரிஞ்சுது, இங்க வந்துட்டேன்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கதவு சாத்தியிருந்தா வெளிய போக முடியாதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். உள்ள வர முடியாதுன்னா அது வேற மாதிரி இருக்கு. அவ்வளவு மோசமா இல்ல" என்றாள்.

இன்று கும்பிடவில்லை. இதோ ஆறே கால்.

அதே நாள், மாலை

காலைச் சாப்பாட்டு மேசையில் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சலவைக்கூடத்து அம்மாள் வேலைக்குக் கூப்பிடுகிறாளாம். தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சம்பளம். மடிக்கும் மேசைக்கு ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்களாம். இரவு வேலை. நாளை பதினோரு மணிக்கு வண்டி. அதற்குள் சொல்ல வேண்டும். "எனக்கு இங்கயே இருக்கணும்னு இருக்கு அண்ணா" என்றாள்.

மகன் கேலியாக, "அத்தை, இந்த ஊர்லயா?" என்று கேட்டான். மருமகள் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள் போல, வாயை மூடிக்கொண்டான்.

இவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு ஊரான் அழுக்கைத் துவைக்கறதா?"

"முப்பது வருஷமா துவைச்சதும் அழுக்குதான் அண்ணா" என்றாள். குரலே உயரவில்லை. உப்பு வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

இவருக்குக் கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும். உனக்கு என்ன குறை வைத்தோம், சோறு போடவில்லையா, துணி எடுக்கவில்லையா என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமாம் என்றே தலையாட்டினாள். எதிர்த்துப் பேசினால் ஒருவேளை அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயமாக யோசிக்கப் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் சமையல் முழுக்க என் தலையில். எனக்கு முட்டி வலி. டீச்சர் வாயில் இன்னொரு கையையும் வைப்பாள். தனியாக ஒரு பெண், ராத்திரி வேலை, இந்த ஊர். இதெல்லாம் அவளுக்காக யோசிக்கிற மாதிரி ஆரம்பித்து எனக்காக யோசிப்பதில் முடிகிறது. திரும்பத் திரும்ப அங்கேதான் முடிகிறது.

இன்னொன்று இருக்கிறது. அதை இந்த நோட்டில் நான் எழுதியதே இல்லை. கும்பிடும்போதும் சொன்னதில்லை, அவனுக்குத் தெரியாதா என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அவளுக்கு இருபது வயது. பெண் கேட்டு வந்தவர்களில் அவள் சரி என்று தலையாட்டியது ஒருவருக்குத்தான். அச்சகத்தில் வேலை பார்த்தவர், விரலில் மை. பார்த்துவிட்டுப் போன பிறகு அவர் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குச் சம்மதம், உங்கள் முடிவைச் சீக்கிரம் எழுதவும் என்று. "சம்மதம்னு எழுதிப் போட்டுடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் கடிதம் எழுதுகிறவள் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிச்சத்தைப் பொட்டலம் மடித்த காகிதத்தில் படித்துக் கற்றவள், எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

மகனுக்கு இரண்டு வயது. காய்ச்சல். அதனால் எழுதவில்லை. அது உண்மை.

காய்ச்சல் இருந்தது நாலு நாள். கடிதம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது இருபத்து மூன்று நாள். அதற்குள் அவர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். தபாலில் தவறியிருக்கும் என்று இவர் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

வேண்டுமென்றா செய்தேன்? தெரியாது. அவள் போய்விட்டால் இந்தக் குழந்தையோடும் இந்த அடுப்போடும் தனியாக என்ன செய்வேன் என்று பயந்தது மட்டும் நினைவிருக்கிறது. சங்கிலியும் அப்படித்தான். கை தானாகப் போனது.

மார்ச் 12, செவ்வாய்

நாலரைக்கு மாடத்தில் நிற்கவில்லை. சலவைக்கூடத்துக்குப் போனேன். நேற்று ராத்திரியும் அவள் அங்கேதான், சொல்லிவிட்டுப் போனாள். சங்கிலி போடாமல் படுத்தேன். சரியாகத் தூக்கமில்லை.

மேசையில் அவளுக்கு எதிரில் நின்று விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அச்சகக்காரர் வீட்டுக் கடிதத்தை, அரிசி டப்பாவை, காய்ச்சல் எத்தனை நாள் என்பதை. கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. துணியைப் பார்த்துச் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். நாலு விரிப்பு மடித்த பிறகு, "இருபத்து மூணா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நான் இருபத்தஞ்சுன்னு எண்ணி வச்சிருந்தேன்."

அரிசி அளக்கப் போன அன்றே பார்த்துவிட்டாளாம். தினமும் பார்த்தாளாம். எடுத்து என் முன்னால் ஏன் வைக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள், "எடுத்துக் குடுக்க எனக்கு வெக்கம். நீங்களா எழுதுவீங்கன்னு பாத்தேன்." அப்புறம், "அந்த மூலையை உள்ள தள்ளுங்க அண்ணி, அப்பதான் நிக்கும்" என்றாள்.

மன்னித்தாளா? அப்படி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விரிப்பு மட்டும் நின்றது.

மேலே வந்து இவரை எழுப்பினேன். அவ இருக்கட்டும், நான் சொல்லிட்டேன் என்றேன். "சொல்லிட்டியா? என்னைக் கேக்காமயா?" என்றார். ஆமாம் என்றேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப நேரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காது சிவக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வண்டியில் ஏறியவர்கள்: நான், இவர், மகன், மருமகள். ஆக நாலு பேர். பெட்டி ஆறு. வாசலில் அவள் நின்றாள், இரவு வேலை முடித்த கண்ணோடு. இவர் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் என் பக்கத்தை இறக்கினேன்.

மார்ச் 20, புதன்

டீச்சரிடம் மருமகள் சொல்லிவிட்டாள், பொடிசு அத்தைக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று. "அந்த ஊர்லயா!" என்றாள் டீச்சர். அந்த ஊரில்தான், அங்கேயும் விரிப்பு அழுக்காகும் என்றேன்.

இவர் என்னோடு இன்னும் அளந்துதான் பேசுகிறார். இன்று: காப்பி, குடை, சரி. மூன்று சொல்.

ஏப்ரல் 6, சனி

இவர் தானே இஸ்திரி போடுகிறேன் என்று சட்டைக் காலரைக் கருக்கிவிட்டார். கருகியதையே போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எலாஸ்டிக் விரிப்பு. நான் மடித்தால் உருண்டைதான் வருகிறது. கூடத்தில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இவர் பேப்பரை வைத்துவிட்டு வந்து எதிர்ப்பக்க மூலை இரண்டையும் பிடித்துக்கொண்டார். கவிழ்க்கணும் என்றேன். எப்படி என்றார். சொன்னேன். தலைகீழாகக் கவிழ்த்தார். மறுபடி. ஆறாவது தரம் புத்தகம் மாதிரி இல்லாவிட்டாலும் தலையணை மாதிரி வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அந்தாளு பேர் என்ன, அச்சகத்துல இருந்தாரே" என்றார். சொன்னேன். "நல்ல மனுஷன்" என்றார். விரிப்பை எடுத்துப் போய் அவரே அலமாரியில் வைத்தார்.

மே 15, புதன்

பொடிசிடமிருந்து போன். வாரத்துக்கு இரண்டு தரம் பேசுவாள். இன்று சொன்னது: "நீங்க கும்பிடற நேரத்துக்குத்தான் அண்ணி நான் வேலை முடிஞ்சு வெளிய வரேன். கடல்ல காலை நனைச்சுட்டு அப்புறம்தான் தூக்கம்." கும்பிடுகிறாயா என்று கேட்டேன். "நிக்கறேன். அது போதும்னு இருக்கு" என்றாள். பல் வைத்தியரிடம் போய் வந்தாளாம். அவளாகவே, தனியாக.

அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். இருந்தார். பேசச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் அண்ணி, அவரா பேசட்டும் என்றாள். இவர் தலையைத் திருப்பாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 9, ஞாயிறு

இதைப் போனில் கேட்க எனக்கு வரவில்லை. எழுதினேன். அதன் நகல்:

பொடிசுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முட்டி பரவாயில்லை. வாசல் தாழ்ப்பாளை இப்போதெல்லாம் உன் அண்ணன்தான் போடுகிறார். சில நாள் மறந்தும் போகிறார். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

அடுத்த மாதம் நான் அங்கே வரலாம் என்று இருக்கிறேன், நாலு நாளைக்கு. ஓட்டல் வேண்டாம். உன் அறையில் தரையில் படுத்துக்கொள்வேன். உன் கதவுச் சங்கிலியைத் தொட மாட்டேன். கரையில் பாட்டு நடந்தால் என்னையும் கூட்டிப் போ, ஓரமாக நிற்கிறேன்.

நேற்று உன் அண்ணனிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவகிட்ட கேளு, நானும் வரலாமான்னு" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை, கேள் என்றார். விரிப்பு மடிக்கத் தெரியும் என்று எழுதச் சொன்னார். அது பாதிதான் உண்மை.

வரட்டுமா, வேண்டாமா, ஒருத்தியா, இரண்டு பேரா, எதுவானாலும் உன் இஷ்டம். நீ இருபத்தைந்து நாள் எடுத்துக்கொண்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

அண்ணி